போஸ்டன் தேயிலையும் பாராமகால் கிஸ்தியும்

(சேலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நிலமோ வீடோ வாங்கி, முத்திரைத்தாளுக்குப் பணம் கட்டிப் பெருமூச்சு விட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதல் கொதிப்பு அந்த முத்திரைத்தாளில்தான் கிளம்பியது.

1756 முதல் 1763 வரை பிரிட்டன் பிரான்சோடு கண்டம் கண்டமாகச் சண்டை போட்டது. நம்முடைய வந்தவாசிப் போரும் அதில் ஒரு துண்டுதான். ஜெயித்தார்கள். ஆனால் நாட்டின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அமெரிக்காவில் நிறுத்திய பட்டாளத்தின் செலவை அங்கே குடியேறியவர்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். 1765-ல் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வரி. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று ஜனங்கள் கேட்டார்கள். மறு வருஷமே வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் வரி போடும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று கூடவே ஒரு சட்டமும் எழுதி வைத்தார்கள். புண் ஆறாமல் போனது அதனால்தான்.

சரி, சேலத்துக்கு இதில் என்ன வேலை? 1767-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மைசூர் ஹைதர் அலியோடு மோதியது, இப்போதைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான இந்தப் பாராமகாலிலும் சேலத்துச் சீமையிலும்தான். 1769-ல் ஹைதர் சென்னைப் பட்டணத்து வாசலுக்கே வந்து உடன்படிக்கை எழுதி வாங்கினார். அந்தச் சண்டைச் செய்தி லண்டனுக்குப் போனதும் கம்பெனிப் பங்கு சரிந்தது. அப்புறம் 1770-ல் வங்காளப் பஞ்சம். கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தபோது கிடங்கு நிறைய விற்காத சீனத் தேயிலை கிடந்தது. அதை அமெரிக்காவில் தள்ளிவிட 1773-ல் சட்டம் போட்டார்கள். அந்த டிசம்பர் 16 ராத்திரி, அந்தத் தேயிலைக்கு வரி கட்ட மறுத்த ஜனங்கள் போஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். ஹைதர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் நம் மண்ணில் நடந்த சண்டைக்கும் பங்கு உண்டு.

அந்தக் கொதிப்பு போராக வெடித்தது. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படைக்குத் தளபதி கார்ன்வாலிஸ். அதே மனிதர் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முன்னால் நின்று, ஹைதரின் மகன் திப்புவிடம் பாதி ராஜ்யமும் 3 கோடியே 30 லட்ச ரூபாயும் கேட்டார். திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் கொண்டுபோனார். அந்தப் பாதியில் சேலமும் வந்தது. இங்கே வரி வசூலிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. உதவிக்கு வந்த மன்றோவும் பட்டாளத்து ஆள்தான். நிலத்தை அளந்தார்கள், குடியானவனோடு நேரடியாகக் கணக்கு வைத்தார்கள், கிஸ்தியை, அதாவது நிலவரியை, காசாகக் கேட்டார்கள்.

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் தாத்தா, கிஸ்தி ரசீதுகளை வாழைநாரில் கட்டித் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருப்பார். ஓரமெல்லாம் கரையான் அரித்த தாள்கள். பாட்டியின் நகைகூட மேலேதான் கிடக்கும்.

சண்டைச் செலவை ஜனங்கள் தலையில் கட்டும் கதை இங்கேயும் தொடர்ந்தது. முதல் உலகப்போருக்கு நம் நாட்டிலிருந்து 10 லட்சம் பேருக்கு மேல் போனார்கள்; 10 கோடி பிரிட்டிஷ் பவுண்டுப் பணமும் போனது. பதிலுக்கு 1919-ல் வந்தது விசாரணையில்லாமல் உள்ளே தள்ளும் ரௌலட் சட்டம், அடுத்த மாதமே ஜாலியன்வாலாபாக். 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் ஒத்துழையாமையை உறுதி செய்தது. அந்த மாநாட்டுக்குத் தலைவர் நம்ம சேலம் விஜயராகவாச்சாரியார். 1882 சேலம் கலவர வழக்கில் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டு, ஹைகோர்ட்டில் வென்று வெளியே வந்தவர்.