899 ரூபாய்க்கு ஆவிக்குரிய பிளானர்!

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்குச் சமையலும் கிடையாது, மாடித் தோட்டமும் கிடையாது. கையில் என்ன இருக்கிறது, பாருங்கள். ஆவிக்குரிய வளர்ச்சிக்கான பிளானராம். 899 ரூபாய்! கூரியருக்குத் தனியாக 70. எங்கள் வீட்டுத் தமிழ் வேதாகமத்தையே இதைவிடக் குறைத்துத்தான் வாங்கினோம். யார் விற்றார்கள் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் 899க்கு தாளாவது கொஞ்சம் கனமாக இருக்க வேண்டாமா? ஜெல் பேனாவால் 'ஜெபம்' என்று எழுதினால் அடுத்த பக்கத்தில் அதே ஜெபம் தலைகீழாகத் தெரிகிறது.

சரி, தாளை விடுங்கள். உள்ளே பாருங்கள். ஜெப நேரம் எத்தனை நிமிடம், கட்டம். உபவாசம், கட்டம். அப்புறம் இந்தப் பக்கத்துக்கு வந்ததும்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கலாத்தியர் 5-ல் ஆவியின் கனி என்று பரிசுத்த ஆவியானவர் நமக்குள் வளர்க்கிற நற்குணங்கள் ஒன்பது வருகிறதே, அந்த ஒன்பதுக்கும் வாரா வாரம் பத்துக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டுமாம். நீடியபொறுமைக்கு 6, சாந்தத்துக்கு 7. எனக்கு யார் மார்க் போட வேண்டும் என்றால் என் அத்தைதான் போட வேண்டும். நான் போட்டால் எப்போதும் பாஸ்தான்.

குறிக்கோளே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கான வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வந்ததும் 'இந்த வருஷம் முழு வேதாகமம்' என்று கிளம்புகிற ஆள் நான். பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜனவரி முடிகிறபோது மூன்றாம் புத்தகம், பலியும் சட்டமுமாக இருக்கிற லேவியராகமம் வரும். அங்கேயே கூடாரம் போட்டுவிடுவேன்.

கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேனே! நம் வேதாகமத்தில் 1189 அதிகாரம். தினம் மூன்று வாசித்தால் வருஷத்துக்கு 1095தான், 94 மிச்சம் நிற்கும். அத்தை ஓய்வுநாள் பள்ளியில், அதாவது சபையின் ஞாயிறு வகுப்பில், படித்த வழி, வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து. வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1196. முடிந்துவிடும், ஏழு உபரி வேறு! அத்தையின் வேதாகமத்தில் பொருளடக்கப் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஆகமத்துக்கும் பக்கத்தில் பென்சில் டிக், வருஷத்துக்கு ஒன்று. செலவு, ஒரு பென்சில்.

வருஷத்துக்கு ஒருமுறை என்கிற அட்டவணை ஒன்றும் புதுசு இல்லை. ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர்ப் போதகர் ராபர்ட் முர்ரே மெக்ஷெய்ன் தம் சபைக்கு 1842-லேயே ஒன்று போட்டுக் கொடுத்தார். தினம் நான்கு அதிகாரம் வரும். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. அடுத்த வருஷமே இறந்துவிட்டார், 29 வயதுதான். எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. அட்டவணையைக் கொடுக்கும்போதே அதில் உள்ள ஆபத்துகளையும் எழுதி வைத்தார். வாசிப்பு வெறும் சடங்காகலாம், 'இன்றைக்கு முடித்துவிட்டேன்' என்று சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். இந்தப் பிளானரில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? முதல் பக்கத்தில் 'திரும்பப் பெற இயலாது' என்று மட்டும் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்கிற போதகர் 1722, 23-ல், இருபது வயதை ஒட்டி, 70 தீர்மானங்கள் எழுதினார். எழுபது எனக்கு ஆகாது, படிக்கவே மூச்சு வாங்குகிறது. ஆனால் மூன்றாவதைப் பாருங்கள். நான் விழுந்து, சோர்ந்து, இவற்றில் எதையாவது கைவிட்டால், புத்தி தெளிந்ததும் நினைவில் வருகிற எல்லாவற்றுக்கும் மனந்திரும்புவேன் என்கிறார். தவறப்போகிறோம் என்று மூன்றாவதிலேயே இடம் விட்டுவிட்டார் மனுஷன். இங்கே தவறிய நாளுக்குச் சிவப்புக் கட்டம்!

எனவே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்கு நான் வைத்துக்கொண்டது இரண்டே இரண்டு. வாசிப்பு அத்தை கணக்குப்படி. ஒருநாள் விட்டால் அடுத்த நாள் ஆறு அதிகாரம் என்று மூட்டை ஏற்ற மாட்டேன், விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். இரண்டாவது, திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால், மனஸ்தாபத்தில் இருக்கிற ஒருவருக்கு நானே போன் பண்ண வேண்டும். மத்தேயு 5-ல் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறாரே இயேசு, அதுதான். இதற்கு நிமிடக் கணக்கு கிடையாது, இரண்டு ரிங் போவதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. யாருக்குப் பண்ணினேன் என்று கமெண்டில் துருவாதீர்கள், அவரும் சேனல் பார்க்கிறார்.

ஆங், ஒரு கேள்வி. முதலாம் நாளாகமத்தில் முதல் ஒன்பது அதிகாரமும் பெயர் பெயராக வருகிறதே, எப்படிக் கடக்கிறீர்கள்? எழுதுங்கள். 'தாண்டிப் போய்விடுவேன்' என்று எழுதுகிறவர்களின் பெயரை மட்டும் அத்தையிடம் வாசித்துக் காட்டுவேன்.