சாரதி இல்லாத காரும் முறிகண்டிக் கச்சானும்

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியில் 12 வருடமாக வாகனம் ஓட்டப் பழக்குகிறவன் நான். சாரதி இல்லாமல் தானே ஓடும் காரைப் பற்றிப் பேச வரச்சொன்னார்கள். என் பிழைப்பில் மண்ணைப் போடக்கூடிய சாமானைப் பற்றி என்னிடமே கேட்கிறார்களே என்று வீட்டில் சிரிப்பு. பரவாயில்லை, நல்லதில் இருந்தே தொடங்குகிறேன்.

பரந்தன் பக்கம் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். 2009 இல் ஷெல் பட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. கிளினிக்குக்குப் போவதென்றால் முதல் நாளே ஆட்டோக்காரத் தம்பிக்குச் சொல்லிவைக்க வேண்டும். தம்பிக்கு வேறு ஹயர் வந்துவிட்டால் இவர் படலையைப் பிடித்தபடி நிற்பார். இப்படி ஒரு கார் அமெரிக்காவில் ஓடுகிறது என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். விலை என்ன என்று கேட்கவில்லை, ஆபத்து இல்லையா என்றும் கேட்கவில்லை. "அப்ப நான் நினைச்ச நேரம் வெளிக்கிடலாமோ?" என்றுதான் கேட்டார்.

வெளிக்கிடலாம். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பகுதியில் வேமோ நிறுவனம் 2020 முதல் சாரதி சீட்டில் ஆளே இல்லாத வாடகைக் காரைப் பொதுமக்களுக்கு விட்டிருக்கிறது. கூரையில் உள்ள கருவி லேசர் கதிரை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துச் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அளக்கும். கமெராவும் ராடரும் துணைக்கு இருக்கின்றன. அதற்கு நித்திரை வராது, குடிக்காது, போன் அடித்தால் எடுக்காது. உலகத்தில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 12 லட்சம் பேர் வீதி விபத்தில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விடியப்புறம் மூன்று மணிக்கு ஏ9 நெடுஞ்சாலையில் கொழும்பு வான்காரருக்குக் கண் சொருகுவதை நினைத்தால், அதில் கொஞ்சம் குறைந்தாலே கையெடுத்துக் கும்பிடலாம்.

சரி, மற்றப் பக்கத்துக்கு வருவோம். 2018 மார்ச் 18 இரவு, பீனிக்ஸுக்குப் பக்கத்தில் டெம்பி என்ற ஊரில், ஊபர் நிறுவனத்தின் பரிசோதனைக் கார் ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தவர். கருவி அவரைக் காணாமல் விடவில்லை. மோதுவதற்கு 5 விநாடிக்கு மேல் இருக்கும்போதே கண்டுவிட்டது. கண்டும், வாகனம் என்றது, ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது. பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் வந்த வழியை மறந்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் பார்த்தது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் ஆட்கள் நடந்து கடப்பார்கள் என்பதையே அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கவனிக்கவென்று உள்ளே இருந்த ஆளும் வீதியைப் பார்க்கவில்லை.

இதை வாசித்தபோது மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதிதான் என் கண்ணில் வந்தது. கரியரில் குறுக்கே விறகுக் கட்டு, ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல், சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற ஒரு ஐயா, அவருக்குப் பின்னால் நாய். அந்தக் கருவி இவருக்கு எத்தனை பெயர் வைக்கும்? எங்களுக்குக் கடவை என்றால் பள்ளிக்கூட வாசலில் இருக்கும், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும். மற்ற இடமெல்லாம் கண்ணும் கண்ணும் பேசிக்கொள்வதுதான். அறுவடை முடிந்தால் வீதிக் கரையில் நெல் காயும். மாரி இரவில் மாடு தாரில் படுத்துக்கிடக்கும். பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கியரை அல்ல. "மாடு கடந்திட்டுது எண்டு ஆக்சிலேட்டரை மிதிக்காதே, பின்னால கன்று வருதா பார்" என்பதைத்தான்.

இதைக் கருவிக்கும் பழக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் மாட்டுக்கும் கன்றுக்கும் யார் காசு செலவழித்துப் பழக்கப்போகிறார்கள்? ஏ9 கார்ப்பெட் வீதிக்கு அந்தக் கார் என்றோ ஒருநாள் வரும். என் நண்பரின் படலை இருப்பது கிரவல் ஒழுங்கையில். ஒரு மழை பெய்தால் ஆட்டோவே உள்ளே வர யோசிக்கும். யாருக்கு அது மிகவும் தேவையோ அவருடைய வாசலுக்குத்தான் கடைசியாக வரும். அதற்கு முன்னரே, லீசிங்கில் ஆட்டோ எடுத்துச் சந்தியில் நிற்கிற பிள்ளைகளின் ஹயரில் கை வைத்துவிடும். இதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று. கன்று அடிபட்டால் இப்போது சாரதி இறங்குவான், சொந்தக்காரரைத் தேடுவான், பேசி ஒரு தொகை கொடுப்பான். ஆளில்லாத காரில் இருந்து யார் இறங்குவது? பிரித்தானியா 2024 இல் சட்டம் போட்டுவிட்டது: கார் தானே ஓடும்போது நடக்கும் பிழைக்கு, உள்ளே இருப்பவர் அல்ல, அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு. நல்ல சட்டம். இங்கே அப்படி ஒன்று வந்தாலும், மாட்டுக்காரர் எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போன் எடுப்பார் என்பதுதான் தெரியவில்லை.

நண்பரிடம் கடைசியாக ஒரு பகிடிக்குக் கேட்டேன்: ஏ9 இல் எல்லா வாகனமும் நின்று தேங்காய் உடைக்கிற, பக்கத்திலேயே கச்சான் (வேர்க்கடலை) வறுத்து விற்கிற முறிகண்டிப் பிள்ளையாரடியை இந்தக் கார் நிற்காமல் தாண்டிப்போனால் என்ன செய்வீர்கள்?

"நான் உள்ளுக்கு இருப்பன்தானே," என்றார். "கச்சான் வாசம் வந்த உடனே நிப்பாட்டச் சொல்லுவன்."

வணக்கம்.