மறுசீரமைப்பு நீதி அமைப்புகளை நடத்துகிறவர்கள் யார்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளியில் மறுசீரமைப்பு நீதி பற்றிப் பேசியிருந்தேன். ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்துவிட்டால், எந்தச் சட்டத்தை மீறினார், என்ன தண்டனை என்பதோடு நிற்காமல், யாருக்கு வலித்தது, அவருக்கு இப்போது என்ன வேண்டும், அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்று கேட்கிற முறை அது. அதைப் பார்த்த ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "இந்த முறையை நடத்துகிற தொண்டு நிறுவனங்களின் தலைமையில் இருப்பவர்கள் யார்? வக்கீல்களா, ஓய்வுபெற்ற நீதிபதிகளா? அவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? என் மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள், அதனால் கேட்கிறேன்."

சரி. யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு 1974-க்குப் போக வேண்டும். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்று ஒரு சிற்றூர். ஒரு ராத்திரி குடிபோதையில் இரண்டு இளைஞர்கள் ஊரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். 22 இடங்களில் சேதம். வழக்கைக் கவனித்த நன்னடத்தை அலுவலரும், மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவின் சேவை அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார்கள். இந்த இளைஞர்கள் இருவரையும் நேரே அந்த வீடுகளுக்கே அழைத்துப் போனால் என்ன? நீதிபதி முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். கதவைத் தட்ட வேண்டியவர்கள் அந்த இளைஞர்கள்தான். கூடப் போனவர்கள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் நின்றார்கள், அவ்வளவுதான். கதவு திறந்ததும், செய்தது நான்தான், உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்க வேண்டும். பிறகு அந்த நஷ்டத்தைக் கட்ட வேண்டும். சிறைக்குப் போயிருந்தால் இதில் ஒரு கதவைக்கூடத் தட்டியிருக்க வேண்டியதில்லை.

அந்த இருவரில் ஒருவர் ரஸ் கெல்லி. பதினெட்டு வயது, பெற்றோர் இருவரையும் இழந்தவர். ஏறக்குறைய 30 வருடம் கழித்து, நடு வயதில் கல்லூரியில் படிக்கும்போது, எல்மைரா வழக்கு என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்படுகிறார். உலகத்தின் பல மூலைகளில் பாடமாகச் சொல்லப்படுகிற அந்த வழக்கு தன்னுடையது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. பிறகு கிச்சனர் நகரத்திலுள்ள கம்யூனிட்டி ஜஸ்டிஸ் இனிஷியேடிவ்ஸ் என்ற அமைப்பில் தன்னார்வலராகச் சேர்ந்து, மற்றவர்களின் சண்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசவைத்தார். இந்தத் துறையில் பொறுப்புக்கு வருகிறவர்களைப் பார்த்தால், இப்படி அடியைக் கொடுத்தவராகவோ வாங்கியவராகவோ இருந்தவர்கள் நிறையப் பேர்.

இன்னும் மூன்று பேரைச் சொல்கிறேன். ஃபானியா டேவிஸ் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் வளர்ந்தவர். 1963-இல் அங்கே ஒரு தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள் இல்லையா, அவர்களில் இருவர் இவருக்கு நெருக்கமானவர்கள். அந்தக் கோபம்தான் அவரைச் சிவில் உரிமை வழக்கறிஞராக்கியது. பல வருடம் நீதிமன்றத்தில் போராடிய பிறகு, பழங்குடி மக்களின் அறிவு மரபுகளைப் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். 2005-இல் கலிஃபோர்னியாவிலுள்ள ஓக்லாண்டில் ரெஸ்டோரேடிவ் ஜஸ்டிஸ் ஃபார் ஓக்லாண்ட் யூத் என்ற அமைப்பைத் தொடங்கினார். தப்பு செய்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யாமல், வட்டமாக உட்காரவைத்துப் பேசும் முறையை அங்குள்ள பள்ளிகளுக்குள் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே ஓக்லாண்டில் சுஜாதா பாலிகா. இந்தியாவிலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளானவர் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக வேலை பார்த்திருக்கிறார், அப்புறம் சட்டம் படித்துக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியிருக்கிறார். இரண்டு பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நடுவில் வந்து உட்கார்ந்தார். இம்பாக்ட் ஜஸ்டிஸ் என்ற நிறுவனத்தில் இந்தப் பணிக்கு இயக்குநராக இருந்தார். 2019-இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தருகிற மக்ஆர்தர் நிதிநல்கை பெற்றார்.

மூன்றாமவர் டேனியல் செரெட். 2008-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் காமன் ஜஸ்டிஸ் என்ற அமைப்பைத் தொடங்கியவர். பலரும் சின்னத் திருட்டு, பள்ளிச் சண்டை என்ற அளவில் இந்த முறையை வைத்துக்கொண்டிருந்தபோது, வழிப்பறி, கொடுந்தாக்குதல் மாதிரியான வன்முறை வழக்குகளை எடுத்தார். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டுமே வழக்கு உள்ளே வரும். அதுதான் அங்கே விதி.

அந்த 'சம்மதித்தால் மட்டுமே' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைமையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு என் பதில் அதில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், அவருடைய முதல் வேலை பாதிக்கப்பட்டவர் சொல்கிற 'வேண்டாம்' என்ற வார்த்தையைக் காப்பாற்றுவது.

எனக்கு இது ஒரு நாள் கண்ணெதிரில் புரிந்தது. ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஓர் ஆயத்தச் சந்திப்பில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். இரு தரப்பையும் நேருக்கு நேர் உட்காரவைப்பதற்கு முன்னால், தனித்தனியாகப் பல தடவை சந்தித்துப் பேசுவார்கள். உண்மையில் வேலையில் பெரும்பகுதி அதுதான். ஒரு பெண்ணின் வீட்டில் திருடிய இளைஞன் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டான், நேரில் பார்க்கத் தயார். அந்தப் பெண்ணும் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருந்தார். நான்காவது சந்திப்பு. பேசிக்கொண்டே அந்த மடிப்பை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார், தாள் அந்த இடத்தில் கிழிந்தேவிட்டது. கடைசியில், "என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது, வேண்டாம்" என்றார். அமைப்பின் இயக்குநர் ஏன் என்று கேட்கவில்லை, இன்னொரு நாள் யோசித்துப் பாருங்கள் என்றும் சொல்லவில்லை. "சரிம்மா" என்றார். அந்தத் தாளை அவன் கையில் சேர்க்க வேண்டுமா, நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நிதி கொடுக்கும் இடத்திலிருந்து போன். இந்தக் காலாண்டில் எத்தனை சந்திப்பு முடிந்தது? இதுதான் சிக்கல். நிதி கொடுப்பவர் எண்ணிக்கை கேட்பார், நீதிமன்றத்துக்குத் தேதி நெருக்கும், காவல்துறைக்குக் கோப்பை மூட வேண்டும். எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரம் எதுவும் அந்த அறைக்குள் நுழையாமல் வாசலில் நின்று தடுக்கிறவர்தான் தலைவர். அந்த இயக்குநர் போனில், "மூன்று முடிந்தது. ஒன்று நடக்கவில்லை, அதையும் நல்லபடியாக முடிந்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அடுத்து, வெளியே தெரியாத இன்னொரு வேலை உண்டு. வட்டத்தில் உட்கார்ந்து ஒருவன் மனம் திறந்து உண்மையைச் சொல்கிறான். அதையே நாளைக்கு அரசு வழக்கறிஞர் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தினால்? வாயைத் திறக்க யாருக்கும் தைரியம் வராது. அதனால் உள்ளே பேசியது வெளியே சாட்சியமாகக் கூடாது என்று அரசுத் தரப்போடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுக்கும். சட்டம் தெரிந்தவர் தலைமையில் இருந்தால் இங்கேதான் உதவி. மற்றபடி நிர்வாகக் குழு, கணக்கு வழக்கு, தணிக்கை எல்லாம் எந்தத் தொண்டு நிறுவனத்திலும் இருப்பதுதான், அதில் நேரம் போக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் விடக்கூடாது. இந்த வட்ட முறை வட அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து வந்தது. தப்பு செய்த பிள்ளையின் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசுகிற குடும்பக் குழுச் சந்திப்பை நியூசிலாந்து 1989-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது, அதற்கு அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கம் பெரிய ஊற்று. அப்படியிருக்க, அந்த மக்களில் ஒருவர்கூடத் தலைமையில் இல்லாமல் அவர்களுடைய முறையை மற்றவர்களுக்குப் பயிற்சியாக நடத்தி நிதி திரட்டுவது நியாயமா? இந்தக் கேள்வியை அந்தத் துறைக்குள்ளேயே பலர் அழுத்தமாகக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

அம்மா, உங்கள் மகளுக்கு வருகிறேன். சட்டமோ சமூகப் பணியோ உளவியலோ, எது படித்தாலும் வரலாம். ஓர் அமைப்பில் சேருமுன் அங்கே வேலை பார்ப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் இயக்குநர் உங்களிடம் தவறாக நடந்துகொண்டால் என்ன ஆகும்? அவரும் வட்டத்தில் வந்து உட்கார்ந்து பதில் சொல்வார் என்று தயங்காமல் சொன்னால், தாராளமாகச் சேரலாம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றினால் வேறு இடம் பார்க்கட்டும்.

முதல் சில மாதம் அவளுக்குக் கிடைப்பது நாற்காலி போடுகிற வேலையாகத்தான் இருக்கும். முகம் சுளிக்காமல் செய்யட்டும். நடுவில் மேஜை கூடாது. எல்லா நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்து நாற்காலி பாதிக்கப்பட்டவருக்கு. நடுவில் எப்போது தோன்றினாலும், யாரையும் தாண்டிப் போகாமல், அவர் எழுந்து வெளியே போக முடிய வேண்டும்.