நின்ற நேரத்தில் ஜெயித்தவர்கள்: வுட் பிரதர்ஸ் கதை

கேமரா ஓடுகிறதா? ஓடுகிறது. வணக்கம்.

மேசை மேல் இருப்பது ஜாக்கி. நம் தெருமுனை பங்க்சர் கடை அண்ணனிடம் இரவல் வாங்கி வந்தேன். எட்டு மணிக்குக் கடையை அடைத்துவிடுவார், அதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் கிடப்பது என் காரின் வீல் நட். ஒன்றுதான். இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி பங்க்சர் ஆகி நானே ஸ்டெப்னி மாற்றினேன். விளையாட்டாக போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். 19 நிமிடம். ஒரு நட் உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது, அதைத் தேடியதற்கே நாலு நிமிடம் ஆனது. இதே வேலையை நான்கு சக்கரத்துக்கும் செய்து, பெட்ரோலும் ஊற்றி, அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் இன்று பத்து நொடியை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். இப்படி ஒரு வேலையை யார் முதலில் கலையாக்கினார்கள் என்று தேடப் போய்த்தான் இந்தக் குடும்பத்தின் கதைக்குள் விழுந்தேன். வுட் பிரதர்ஸ். அண்ணன் தம்பி ஐந்து பேர்.

ஊர் ஸ்டூவர்ட். வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். அங்கே மரம் அறுக்கும் தொழில் செய்துகொண்டிருந்தவர் க்ளென் வுட். அதனாலேயே பந்தயத்தில் அவருக்கு 'மரவெட்டி' என்று பட்டப்பெயர். லெனார்ட், டெலானோ, கிளே, ரே லீ ஆகிய நால்வரும் கூடப் பிறந்தவர்கள். லெனார்டுக்குச் சின்ன வயதிலிருந்தே கை சும்மா இருக்காது. பையனாக இருக்கும்போதே பழைய வாஷிங் மெஷின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுகிற மாதிரி ஒரு குட்டி வண்டி செய்தவர் அவர். முதலில் இவர்களுக்குப் பட்டறை என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டருகே ஒரு பீச் (beech) மரம். அதன் கிளையில் சங்கிலியைப் போட்டுத்தான் எஞ்சினைத் தூக்கி இறக்குவார்கள். நம் ஊர் வேப்ப மரத்தடி மெக்கானிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான்.

1950. க்ளென் 1938 மாடல் ஃபோர்டு ஒன்றை 50 டாலருக்கு வாங்கிப் பந்தயத்தில் இறங்கினார். முதல் பந்தயத்திலேயே இடி வாங்கிப் பின் ஆக்ஸில் வளைந்துவிட்டது. சரி, வீட்டுக்காவது கொண்டுபோகலாம் என்று கட்டி இழுத்துக்கொண்டு வந்தால், வழியில் ஆக்ஸில் உடைந்து, பெட்ரோல் ஒழுகி, வண்டி தீப்பிடித்து எரிந்தது. நானாக இருந்தால் அந்த ராத்திரியோடு மர வியாபாரத்துக்கே திரும்பியிருப்பேன். அவர்கள் எரிந்த வண்டியிலிருந்து எஞ்சினை மீட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த அணி இன்றைக்கு வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாஸ்காரில் விடாமல் இயங்கும் அணிகளில் இதுவே மூத்தது. அன்றிலிருந்து ஃபோர்டு குடும்பத்து வண்டிதான். நடுவில் சில வருடம் மெர்க்குரி ஓட்டினார்கள், அதுவும் ஃபோர்டு தயாரித்ததே.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாஸ்காரில் ஓடுவது ஸ்டாக் கார். ஸ்டாக் கார் என்றால் ஆரம்ப காலத்தில் நிஜமாகவே கடையில் கிடைக்கிற கார்தான். மேலே கூரை இருக்கும், பார்க்க வீட்டு வண்டி மாதிரி இருக்கும். இப்போது வெளித்தோற்றம் மட்டும் அப்படி, உள்ளே எல்லாமே பந்தயத்துக்காகச் செய்தது.

க்ளென் நல்ல ஓட்டுநர். பெரிய பந்தயங்களில் நான்கு முறை ஜெயித்தார், நான்குமே வட கரோலினா மாநிலத்து வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள போமன் கிரே என்ற கால் மைல் மைதானத்தில். ஆனால் இந்தக் குடும்பம் கண்டுபிடித்த விஷயம் ஸ்டியரிங்கில் இல்லை. வண்டி நிற்கும்போது இருந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 240 கிலோமீட்டரில் போகிறது என்றால் நொடிக்கு 66 மீட்டர். 20 நொடி மிச்சம் பிடித்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் முன்னால் நிற்பீர்கள். அவ்வளவு தூரத்தை எஞ்சினில் சம்பாதிக்க எத்தனை மாத உழைப்பு, எத்தனை பணம்! அந்தக் காலத்தில் டயர் மாற்ற, பெட்ரோல் போட வண்டி பிட்டுக்குள், அதாவது களத்தோரம் அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குள், வந்து நின்றால் ஒரு நிமிடம் போவதெல்லாம் சாதாரணம். யாரும் அதைப் பந்தயத்தில் சேர்த்துப் பார்க்கவில்லை. வுட் சகோதரர்கள் பார்த்தார்கள்.

இதோ இந்த ஜாக்கியைப் பாருங்கள். கைப்பிடியை அழுத்துகிறேன். ஒன்று... இரண்டு... மூன்று... இன்னும் இரண்டு விரற்கடைதான் ஏறியிருக்கிறது. லெனார்ட் இந்த இடத்தில் கைவைத்தார். நாலைந்து அழுத்தலிலேயே டயர் தரையை விட்டுக் கிளம்புகிற மாதிரி ஜாக்கியைப் பிரித்து மாற்றினார். எடையையும் குறைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தம்பி டெலானோ. யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யார் கையில் ஸ்பேனர், யார் கையில் டயர் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும், ஒருவர் பாதையில் இன்னொருவர் குறுக்கே வரமாட்டார். நட்டுகளைத் தனியாக எடுத்து மாட்ட மாட்டார்கள், புது வீலின் துளைகளிலேயே பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். வீலை வைத்ததும் முடுக்க வேண்டியதுதான். இது தெரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் வண்டிக்கடியில் ஊர்ந்திருக்க மாட்டேன்.

இந்தச் சிந்தனை முதலில் பெரிதாகப் பலித்தது 1963-இல், நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500-இல். 500 மைல், ஏறக்குறைய 800 கிலோமீட்டர். இவர்கள் வண்டியை ஓட்ட வேண்டியவர் மார்வின் பாஞ்ச். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு அவர் அதே களத்தில் வேறொரு காரைச் சோதனை ஓட்டம் ஓட்டும்போது அது கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தவர்களில் ஒருவர் டைனி லண்ட். டைனி என்றால் குட்டி, ஆள் என்னவோ மலை மாதிரி. நம் ஊரில் குண்டாக இருப்பவரை ஒல்லி என்று கூப்பிடுவோமே, அந்தக் கணக்கு. அவருக்கு அந்தப் பந்தயத்தில் ஓட்ட வண்டியே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பாஞ்ச், என் வண்டியை அவரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். கொடுத்தார்கள். லண்ட் பந்தயம் முழுக்க ஒரே செட் டயரில் ஓட்டினார், மற்றவர்களைவிட ஒரு தடவை குறைவாக நின்றார். கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து, வண்டி உருண்டுதான் கோட்டைக் கடந்தது. முதலிடம். உயிரைக் காப்பாற்றியதற்குக் கார்னகி பதக்கமும் கிடைத்தது. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம் என்று சொல்லியிருப்போம்.

1965-இல் ஃபோர்டு நிறுவனம் இவர்களை இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்துக்கு அழைத்துப்போனது. அது வேறு உலகம். கூரை இல்லாத ஒல்லி வண்டிகள், இங்கிலாந்திலிருந்து வந்த லோட்டஸ் அணி, ஓட்டுநர் ஸ்காட்லாந்துக்காரர் ஜிம் கிளார்க். முந்தைய வருடம் அங்கே நடந்த தீ விபத்தில் இரண்டு ஓட்டுநர்கள் இறந்திருந்தார்கள். அதனால் விதி மாறியிருந்தது. எல்லா வண்டியும் குறைந்தது இரண்டு முறை நிற்க வேண்டும், எரிபொருளை அழுத்தம் கொடுத்து ஏற்றக்கூடாது, உயரத் தொட்டியிலிருந்து தானாக இறங்க வேண்டும். மற்றவர்கள் தலையில் கைவைத்தபோது, மலையடிவாரத்து அண்ணன் தம்பிகள் குழாயையும் இணைப்புகளையும் கழற்றிப் பார்த்து, தடங்கும் இடங்களைச் சரிசெய்தார்கள். கிளார்க் முதல் தடவை வந்து நின்று 20 நொடிக்குள் கிளம்பிவிட்டார். தொட்டி நிரம்பியிருக்காது, சீக்கிரமே திரும்பி வருவார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். வரவில்லை. மொத்தம் 200 சுற்றில் 190 சுற்று அவரே முன்னால். எஞ்சினைப் பின்னால் வைத்த வண்டி ஒன்று அங்கே ஜெயித்தது அதுவே முதல் முறை.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்த ஆள், டேவிட் பியர்சன். 'வெள்ளி நரி' என்று பெயர். 1972 முதல் 1979 வரை இவர்களுடைய 21-ஆம் எண் வண்டியில் 143 பந்தயம் ஓட்டி 43 ஜெயித்தார். 1973-இல் 18 பந்தயத்தில் 11. நரி என்று ஏன் சொன்னார்கள் தெரியுமா? 1974 ஜூலை, டேடோனா. கடைசிச் சுற்று ஆரம்பம், பியர்சன் முன்னால், ஒட்டிக்கொண்டே பின்னால் ரிச்சர்ட் பெட்டி. அந்த வேகத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவர் அந்த நிழலில் பதுங்கி வந்து கடைசியில் பாய்ந்துவிடலாம். முன்னால் இருப்பதுதான் ஆபத்து. பியர்சன் சட்டென்று காலை எடுத்தார். எஞ்சின் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துப் பெட்டி விலகித் தாண்டினார். தாண்டியதும் நரி அவருடைய நிழலில் புகுந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் பாய்ந்து ஜெயித்தது. பெட்டிக்கு வந்த கோபம் லேசுப்பட்டதில்லை.

1976 டேடோனா 500-இல் அதே இரண்டு பேர். கடைசி வளைவில் முட்டிக்கொண்டு இருவரும் சுழன்று சுவரில் மோதினார்கள். பெட்டியின் எஞ்சின் அணைந்துவிட்டது, கோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுபோனது. பியர்சன் வண்டி சுழலும்போதே கிளட்சை மிதித்திருந்தார். அந்தக் களேபரத்தில், அந்த ஒரு நொடியில்! எஞ்சின் அணையவில்லை. முகப்பு நொறுங்கிய வண்டியைக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வேகத்தில், நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி உருட்டிக்கொண்டு போய்க் கோட்டைக் கடந்தார்.

இப்போது இந்த நட்டுக்கு வருவோம்.

1979 ஏப்ரல், டார்லிங்டன் களம். பியர்சன் பிட்டுக்குள் வந்தார். அவர் நினைப்பு, இரண்டு டயர்தான் மாற்றுவார்கள் என்று. குழுவின் திட்டம் நான்கு. வலது பக்கம் முடிந்து இடது பக்க நட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். வலது பக்கம் இறங்கியதும் பியர்சன் கிளப்பிவிட்டார். 'நில்லு' என்று கத்தினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு அவர்கள் சொன்ன 'வோ', அந்த இரைச்சலில் அவர் காதில் 'கோ' என்று விழுந்தது என்பார்கள். பிட் பாதை முடிவதற்குள் இடது பக்கச் சக்கரம் இரண்டும் கழன்று ஓடின. வண்டி தரையில் உட்கார்ந்தது. அதன் பிறகு அவர்கள் சேர்ந்து பந்தயம் ஓட்டவே இல்லை. பிட்டை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த வீடு, தன் தலைசிறந்த ஓட்டுநரை ஒரு பிட்டில் தொலைத்தது. இதை முதல் தடவை படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே வருடம் செப்டம்பரில், அதே டார்லிங்டனில், காயம்பட்ட இன்னொரு ஓட்டுநருக்குப் பதிலாக வேறு அணி வண்டியில் ஏறிய பியர்சன் ஜெயித்தார். அது வேறு வயிற்றெரிச்சல்.

அதற்குப் பின் வருடங்களை வேகமாகத் தாண்டுகிறேன். நீல் பொன்னெட், கைல் பெட்டி, டேல் ஜாரெட் என்று நல்ல ஓட்டுநர்கள் வந்தார்கள், அவ்வப்போது ஜெயித்தார்கள். ஆனால் தொண்ணூறுகளில் ஆட்டமே மாறிவிட்டது. ஒரே முதலாளி மூன்று நான்கு வண்டி ஓட்டி, சோதனைச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் காலம். ஒற்றை வண்டிக் குடும்பம் என்ன செய்யும்? 2001-க்குப் பிறகு பத்து வருடம் ஒரு வெற்றி இல்லை. 2008-இல் டேடோனா 500 பந்தயத்துக்குத் தகுதி பெறவே முடியவில்லை. 2009 முதல் பணம் கிடைத்த பந்தயங்களில் மட்டும் ஓட்டினார்கள்.

அந்த நிலையில்தான் 2011 டேடோனா 500. ஓட்டுநர் ட்ரெவர் பெய்ன், முந்தின நாள்தான் 20 வயது முடிந்திருந்தது. இந்த மட்டத்தில் அவருக்கு இரண்டாவது பந்தயம். வண்டிக்குப் பியர்சன் காலத்துச் சிவப்பு வெள்ளை. ஜெயித்துவிட்டார்! அந்தப் பந்தயத்தை ஜெயித்தவர்களிலேயே வயது குறைந்தவர். பரிசு மேடைக்குப் போகும் வழி தெரியாமல் திருப்பத்தைத் தவறவிட்டார் பையன். க்ளென் அதையும் பார்த்தார். 2019-இல் தன் 93-ஆம் வயதில் காலமானார்.

ஸ்டூவர்ட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் மார்ட்டின்ஸ்வில் என்ற பந்தயக் களம் இருக்கிறது. 2010 மார்ச்சில் அங்கே நாஸ்கார் ட்ரக் பந்தயத்தில் ஒருவர் அறிமுகமாகி 13-ஆவது வந்தார். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். வுட் குடும்பத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை, வரைபடத்தில் அந்த ஊரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

2017-இல் ரையன் பிளேனி போக்கோனோவில் ஜெயித்தது வுட் அணியின் 99-ஆவது வெற்றி. அடுத்த ஒன்றுக்கு ஏழு வருடம் காத்திருந்தார்கள். 2024-இல் ஓட்டுநர் ஹாரிசன் பர்ட்டன். புள்ளிப் பட்டியலில் அடியில் கிடந்தார். அடுத்த வருடம் உனக்கு வண்டி இல்லை, ஜாஷ் பெர்ரி வருகிறார் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. ஆகஸ்ட் 24 இரவு, டேடோனா, கடைசிச் சுற்று. கைல் புஷ்ஷைத் தாண்டிக் கோட்டைக் கடந்தார் பர்ட்டன். நூறு. டிவியில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவருடைய அப்பா ஜெஃப் பர்ட்டன். வேலை போன பிள்ளை நூறாவது வெற்றியைக் கொண்டுவருவதை மைக் முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நிலைமை அந்த மனிதருக்கு. அந்தக் காட்சியை நான் நான்கு தடவை பார்த்தேன்.

பெர்ரியும் 2025 மார்ச்சில் லாஸ் வேகஸில் ஜெயித்து 101 ஆக்கிவிட்டார்.

ஆ, மணி ஏழு ஐம்பது. அண்ணன் ஷட்டரை இறக்க ஆரம்பித்திருப்பார். இந்த ஜாக்கியின் கனம் தெரியாமல் இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், இதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் டெலானோ. நட்டை மட்டும் பையில் போட்டுக்கொள்கிறேன், என் வண்டியின் அந்தச் சக்கரத்தில் இன்னும் மூன்றுதான் இருக்கின்றன. வருகிறேன்.