சொக் ஸ்ப்ரிங் அமுக்கக்குள்ள கொக்கி எங்க பிடிக்கணும்?

வணக்கம். மேசையில கிடக்கிறது காரிட முன் சொக் (அதிர்வு தாங்குற குழாய்), ஸ்ப்ரிங்கோட. சொக்க மாத்த ஸ்ப்ரிங்கக் கழட்டணும், அதுக்கு முதல் கொம்ப்ரசர் எண்ட கருவிட கொக்கிகள ஸ்ப்ரிங்குல மாட்டி அமுக்கணும். கமராவக் கிட்டக் கொண்டு வாறன், இந்த அடி வளையத்தப் பாருங்க. பெயின்ற் உரிஞ்சு, செதில் செதிலாத் துரு. கல்லடி, காத்தான்குடி, கல்முனை எண்டு கடலோரமா ஓடுற வாகனத்துல மணலும் உப்பு ஈரமும் ஸ்ப்ரிங் குந்துற கீழ்த் தட்டுலதான் தங்கும். இந்த வளையத்துல கொக்கி போடாதீங்க. ஏற்கெனவே ஒடைஞ்ச ஸ்ப்ரிங் எண்டா வீட்டுல தொடவே வேணாம், ஸ்ப்ரிங் அமுக்குற நிலைப் பிரஸ் இருக்கிற கராஜுக்குக் கொண்டு போங்க.

மேல நடுவுல இருக்கே நட்டு, அதுதான் ஆபத்து. ஸ்ப்ரிங் அமுங்காம அதக் கழட்டினா, சொக்கக் காரோட பூட்டுற மேல் மவுன்ற் குண்டு மாதிரிப் பாயும். ஒரு தொன் கார்ல ஒரு முன் சில்லுக்கே 300 கிலோவுக்குக் கிட்டப் பாரம் வரும். அவ்வளவையும் தாங்குற ஸ்ப்ரிங் இது.

கொம்ப்ரசர் ரெண்டு தண்டா வரும். முதல்ல தண்டுப் புரிக்குக் கிறீஸ் பூசுங்க. புரி தேஞ்சிருந்தா, தண்டு வளைஞ்சிருந்தா எறிஞ்சிருங்க. ஸ்ப்ரிங்குல எண்ணெய் இருந்தாத் துடைங்க, கொக்கி வழுக்கும். ரெண்டையும் நேரெதிரா, மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் இடையில ஏலுமான அளவு கூட வளையங்கள் வாற மாதிரி மாட்டி, கொக்கி கழராமப் பிடிக்கிற பின்னையும் போடுங்க.

இப்ப கை ஸ்பேனரால இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்து. ஒரு பக்கத்த மட்டும் இறுக்கினா ஸ்ப்ரிங் வாழைக்காய் மாதிரி வளையும், கொக்கி வளையத்தோட வழுக்கி ஓடும். நட்ட வேகமா அடிச்சு இறுக்குற இம்பக்ட் கன் வேணவே வேணாம், சூடேறிப் புரி கடிச்சுப் பிடிச்சிரும். முகத்த ஸ்ப்ரிங்குக்கு நேர வைக்காதீங்க.

எப்ப நிப்பாட்டுறது? ஸ்ப்ரிங் தட்ட விட்டுக் கிளம்பி, கையால ஆட்டினா அசையணும். அவ்வளவு போதும், வளையம் ஒண்டோடொண்டு முட்டுற வரைக்கும் போகாதீங்க. பிறகு சொக்குத் தண்ட அலன் கீயால பிடிச்சு மேல் நட்டக் கழட்டுங்க. பிளையரால பிடிச்சா அந்தத் தண்டுட பளபளப்புல கீறல் விழும். அந்தக் கீறல் எண்ணெய் கசியாமத் தடுக்கிற சீலக் கிழிச்சு, புதுச் சொக்கும் எண்ணெய் கக்கும்.

பூட்டக்குள்ள ஸ்ப்ரிங் நுனி கீழ்த் தட்டுப் படியில முட்டி இருக்கணும். மேல் நட்டு புதுசு போட்டு இறுக்கின பிறகுதான் கொம்ப்ரசரத் தளத்துறது, அதுவும் மாறி மாறி. வாகனத்துல பூட்டின பிறகு அலைன்மென்ட், அதாவது சில்லு நேரா நிக்குதா எண்டு பாக்காம விட்டா டயர் ஒரு பக்கமாத் தேயும்.