காய்ச்சினால் ஆர்செனிக் போகுமா?

வணக்கம் மக்களே. பட்டர்வொர்த்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் லாரிச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க் கிணறு வீடியோவுக்குப் பிறகு நிறைய பேர் கேட்டது இதுதான்: "அண்ணே, கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நச்சு இருந்தால் காய்ச்சிக் குடிக்கலாமா?" கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்செனிக் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நிறம், மணம், ருசி எதுவும் இல்லாததால் நமக்குத் தெரியவும் தெரியாது.

பினாங்கில் பைப் தண்ணீர் பெரும்பாலும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து சுத்திகரித்து வருவது. அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். சொந்தமாகக் கிணறு தோண்டிக் குடிப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

கூட வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிகளைக் கேட்டுப் பாருங்கள். ஊரில் சிவப்புப் பெயிண்ட் அடித்த குழாய்க் கிணற்றில் ஆர்செனிக் அதிகம், குடிக்கக் கூடாது, பச்சை என்றால் குடிக்கலாம் என்பார்கள். குளத்துத் தண்ணீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் 1970களில் அங்கே ஏராளமான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். ஆர்செனிக் இருக்கிறதா என்று அப்போது சோதிக்கவில்லை. இமயமலையிலிருந்து ஆறு அடித்து வந்த வண்டலில் அது இரும்போடு ஒட்டிக் கிடந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்க, ஆர்செனிக்கும் நீரில் இறங்கிவிட்டது. வருடக்கணக்கில் அதைக் குடித்தவர்களுக்கு உள்ளங்கை தடித்தது, தோலில் புள்ளி விழுந்தது, பலருக்குப் புற்றுநோயே வந்தது. பிள்ளையைக் காப்பாற்ற நினைத்துத்தானே அந்தத் தாய்மார்கள் அதைக் கொடுத்தார்கள்? எனக்கு இது தாங்கவில்லை.

சரி, எப்படி எடுப்பது? இரும்போடு ஒட்டும் அதே குணம்தான் வழி. ஆனால் ஆர்செனிக் தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், நிலத்தடியில் பெரும்பாலும் இருப்பது ஆர்செனிக் 3. அதற்கு மின்னேற்றம் இல்லை, எளிதில் பிடிபடாது. குளோரின் போட்டு ஆர்செனிக் 5 ஆக மாற்றினால் இரும்புத் துரு அதை நன்றாக இழுத்துக்கொள்ளும். அபுல் ஹுஸ்ஸாம் என்ற வேதியியல் பேராசிரியர் இரும்பு, மணல், கரி, செங்கல் துண்டுகளை வாளிகளில் அடுக்கி 'சோனோ' வடிகட்டியைச் செய்தார். கரண்ட் தேவையில்லை. 2007இல் அதற்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு கிடைத்தது. சமையலறையில் மாட்டும் சாதாரணக் கரி ஃபில்டரை இதற்கு நம்பாதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மலேசியாவிலும் அதேதான். எனவே முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள், ஃபில்டர் போட்ட பிறகு வெளியே வரும் தண்ணீரையும் அவ்வப்போது சோதியுங்கள். ஃபில்டரில் உள்ள இரும்பு ஆர்செனிக்கால் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வருவது அப்படியே கடந்து வரும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், கழற்றிய பழைய இரும்பையும் மணலையும் லோங்காங்கிலோ (சாக்கடையிலோ) தோட்டத்திலோ கொட்டாதீர்கள். விற்ற கடைக்காரரிடம் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.