ஒரு வாரப் பாட்டு முகாம், முப்பது வருஷப் பாடகர் குழு

[திரையில்: ஆலயத்தின் முன்வரிசையில் பாட்டுத் தாளோடு நிற்கும் பிள்ளைகள்]

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் சபைப் பிள்ளைகளை ஒரு வாரம், இரண்டு வாரம் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் முகாம்கள் பல நாடுகளில் நடக்கின்றன. கடைசி ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகள் பாடுவார்கள், பெற்றோர் போனில் வீடியோ எடுப்பார்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் நன்றாக நடந்த ஒரு முகாம் அந்த ஞாயிறோடு முடிவதில்லை. உங்கள் சபையில் பல வருஷமாக ஆல்டோ, அதாவது ராகத்துக்குக் கீழே இசைந்து வரும் இரண்டாவது குரல், பாடிவருகிற ஒருவரிடம், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் வந்த ஒரு கோடையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இவ்வளவு சின்ன காலம் எப்படி இவ்வளவு நாள் தாங்குகிறது? அதற்குப் பயிற்சி அறைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

[திரையில்: நான்கு பாகங்களாக எழுதிய ஒரு ஞானப்பாட்டு. ஆல்டோ வரி மட்டும் நிறம் மாறுகிறது]

இந்த ஆல்டோ வரியைக் கவனியுங்கள். ராகம் முழுக்க மேல்குரலான சோப்ரானோவுக்குப் போய்விட்டது. ஆல்டோவுக்கு ஒரே ஸ்வரம் நாலைந்து தடவை வருகிறது, ஒரு படி இறங்குகிறது, மறுபடி அதே இடம். தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரு பிள்ளைக்கு முதல் நாள் இது பிடிக்கவே பிடிக்காது. பக்கத்து வரிசை ராகத்தை எடுத்ததும் காது அங்கே ஓடும், குரலும் பின்னாலேயே போய்விடும். பயிற்றுநர் நிறுத்துவார். ஆல்டோவை மட்டும் வாய் மூடி 'ம்' என்று பாடச் சொல்வார். அப்புறம் அடிக்குரலான பேஸ் சேரும், அப்புறம் அதற்கு மேலுள்ள டெனர். ராகம் கடைசியில்தான் உள்ளே வரும். மூச்சு எடுக்கும் இடத்தில் எல்லோரும் பென்சிலால் ஒரு சின்னக் குறி போடுவார்கள். மறுபடி அதே நாலு வரி.

வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சியில், போன வாரம் பிடித்தது இந்த வாரம் நழுவியிருக்கும். முகாமில் அப்படி இல்லை. நேற்று மாலை விட்ட இடம் இன்று காலையும் காதில் இருக்கிறது. வாரத்தின் நடுவில் ஏதோ ஒரு நேரத்தில், அடுத்தவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே தன் பாட்டை விடாமல் பிடிக்க அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும். சைக்கிள் ஓட்டக் கற்ற உடம்பு அதை மறக்காத மாதிரி, இந்தக் காதும் மறக்காது. முகாம் தருவதில் பெரியது இதுதான் என்பேன். மேடையேற்றம் அதற்கு அடுத்துத்தான்.

[திரையில்: பழைய கையெழுத்துப் பிரதி, அருகில் ச ரி க ம, டோ ரே மி]

திருச்சபை பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்த முயற்சிகள் உலக இசையையே மாற்றியிருக்கின்றன. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் இருந்த கீதோ என்ற துறவி, பாடகர் குழுச் சிறுவர்கள் புதுப் பாட்டைச் சீக்கிரம் கற்க ஒரு வழி தேடினார். யோவான் ஸ்நானகனைப் பற்றிய ஒரு லத்தீன் பாடலை எடுத்துக்கொண்டார். அதன் முதல் ஆறு அடிகளில் ஒவ்வொன்றும் முந்தைய அடியைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளே ஸ்வரங்களின் பெயர்கள் ஆயின: உத், ரே, மி, ஃபா, சோல், லா. பின்னால் உத் என்பது டோ ஆனது.

அப்புறம் 1841. இங்கிலாந்தின் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லித்தர நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி ஜான் கர்வன் என்ற இளம் போதகரைக் கேட்டுக்கொண்டார்கள். நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கியிருந்த முறையை அவர் எடுத்து வளர்த்தார். அதுதான் டானிக் சொல்ஃபா. மேல்நாட்டு இசையை எழுதும் ஐந்து கோடு வேண்டாம், சாதாரண எழுத்துகளே போதும். எந்த அச்சகத்திலும் அச்சிடலாம், செலவும் குறைவு. அதனால் மிஷன் பள்ளிகளோடு சேர்ந்து அது கண்டம் கண்டமாகப் பரவியது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் ஆசிரியராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் இருந்தவர் ஈனோக் சொன்டோங்கா. 1897-இல் தன் மாணவர்களுக்காக அவர் சொல்ஃபாவில் ஒரு ஜெபப் பாடல் எழுதினார். 1905-இல் இறந்துவிட்டார். இன்று தென்னாப்பிரிக்காவின் தேசிய கீதம் தொடங்குவது அந்தப் பாடலில்தான். பள்ளிப் பிள்ளைகள் பாடகர் குழுவுக்கென்று எழுதியதை ஒரு தேசமே எழுந்து நின்று பாடுகிறது!

[திரையில்: மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து பாடும் இளைஞர்கள்]

பிரான்சின் தேசே என்ற கிராமத்தில் 1940-இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய சமூகத்துக்குக் கோடை வாரங்களில் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் ஞாயிறு முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் தங்குவார்கள். மொழி பொதுவாக இருக்காது. அதனால் ஒன்றிரண்டு வரிப் பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். ஜாக் பெர்தியே அவற்றில் பலவற்றுக்கு இசையமைத்தார். ஊர் திரும்பிய இளைஞர்கள் அந்தப் பாட்டுகளைத் தங்கள் சபைகளில் பாடினார்கள். தேசேக்குப் போகாத எத்தனையோ ஆலயங்களில் அவை இன்று கேட்கின்றன.

ஏன் அந்த வயது? நினைவைப் பற்றி ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு: பதின்ம வயதிலும் அதை ஒட்டிய வருஷங்களிலும் கேட்டுப் பழகிய இசை, பின்னால் கேட்டதைவிட ஆழமாகப் பதிகிறது. மறதி நோய் வந்து பெயர்கள்கூடத் தவறிப்போன முதியவர்கள், பழைய பாமாலைப் பாட்டை அடி பிசகாமல் பாடுவதைப் பராமரிப்பவர்கள் பார்க்கிறார்கள். அதனால் முகாமுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கிறவர் கவனமாக இருக்க வேண்டும். எழுபது வயதில் படுக்கையில் இருக்கும்போதும் துணை நிற்கிற வரிகள் இதில் உண்டா என்று பார்த்து எடுங்கள். அந்த வருஷத்து ஹிட் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். பதிவு செய்த டிராக்கின் மேல் எல்லோரும் ராகம் மட்டும் பாடுகிற முகாம் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பாகம் பிரித்துப் பாடும் காது அதில் வராது.

பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு, குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கும். இடையில் உடையும், வழுக்கும். 'நீ கொஞ்ச நாள் பாடாதே' என்று யாராவது சொன்னால், பலர் அப்புறம் பாடவே வருவதில்லை. உண்மையில் நிறுத்தத் தேவையில்லை. அந்தச் சில மாதங்களுக்கு, அவனால் சுலபமாக எட்ட முடிந்த ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் ஒரு பாகம் எழுதிக்கொடுத்தால் போதும். கத்தவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி, முகாம் முடிந்த மறு ஞாயிறு. பல சபைகளில் எல்லாம் நழுவுவது இங்கேதான். பிள்ளை பாகம் பிடிக்கக் கற்று வந்திருக்கிறது, ஆலயத்தில் அதற்கு இடமில்லை. பெரியவர்கள் குழுவில் சேர இன்னும் வயது ஆகவில்லை என்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் கைதட்டும் பாட்டுதான். அடுத்த கோடைக்குள் பாதி மறந்துபோகும். குழுத் தலைவர்களே, அந்த முதல் ஞாயிறே அந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டுக் கோப்பும், அனுபவமுள்ள ஒரு ஆல்டோவின் பக்கத்தில் ஒரு இருக்கையும் கொடுங்கள். பண்டிகை ஆராதனை வரை காத்திருக்க வேண்டாம்.